மொத்தமாகவா, மாதாமாதமா?

இந்தத் தடவை கடிதப் பையைக் கவிழ்த்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம். இரண்டு இதழுக்கு முன்னால் பென்ஷன் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், அதன் வினை. எல்லாம் அமெரிக்கப் படையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள். படைக்காரர் பேச்சு என்றால் திருகோணமலையில் சிலருக்கு முகம் சுருங்கும், தெரியாமல் இல்லை. ஆனால் கிரீன் கார்ட் லொத்தர் விழுந்து போன குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே சீருடை போட்டிருக்கிறார்கள், தாய்தகப்பன் இங்கே உவர்மலையிலும் நிலாவெளியிலும் குந்தியிருந்து டொலர் கணக்குப் பார்க்கிறார்கள். சரி, கணக்கு என்று வந்தால் எனக்கும் வாய் சும்மா இருக்காது, கந்தோரில் முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன்.

கேள்வி: என் மகன் 2007 ஜனவரியில் அமெரிக்க நேவியில் சேர்ந்தவன். வருகிற ஜனவரியோடு 20 வருஷம், வயது 40. பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக எடுக்கலாம் என்று ஒரு படிவம் வந்திருக்கிறதாம். உப்புவெளியில் அவனுடைய வீட்டுக்கு மேல்மாடி கட்டாமல் கிடக்கிறது. மொத்தமாக எடு, கட்டி முடிப்போம் என்கிறேன் நான். அவன் யோசிக்கிறான். அவன் 2018 இல் புதுத் திட்டத்துக்கு மாறியவன். அடிப்படைச் சம்பளம் ஐயாயிரம் டொலரை ஒட்டி இருக்கும் என்றான். நீங்கள் அவனுக்கு விளங்குகிற மாதிரி எழுதுங்கள்.
— ஒரு தாய், உவர்மலை

பதில்: அம்மா, மகனுக்கு விளங்கிவிட்டது, அதனால்தான் யோசிக்கிறான். உங்களுக்கு விளங்குகிற மாதிரி எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பழைய திட்டம். அதை ஹை-த்ரீ என்பார்கள். சேவையில் மிகக் கூடிய அடிப்படைச் சம்பளம் வாங்கிய 36 மாதங்களின் சராசரியை எடுத்து, சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டரை வீதம் போடுவார்கள். 20 வருஷம் என்றால் சராசரியில் பாதி, 30 வருஷம் என்றால் முக்கால். சராசரி 5,000 என்று வைத்தால் மகனுக்கு மாதம் 2,500 டொலர், சாகும்வரை, விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும்.

புதுத் திட்டம் 2018 ஜனவரி 1 இல் வந்தது, பி.ஆர்.எஸ். என்று பெயர். அதில் வருஷத்துக்கு 2 வீதம்தான். 20 வருஷத்துக்கு 40 வீதம், அதாவது மகனுக்கு 2,000 டொலர். குறைத்த அந்த 500 டொலருக்கு ஈடாக வேறு இரண்டு சாமான் கொடுக்கிறார்கள். ஒன்று டி.எஸ்.பி. என்ற சேமிப்புக் கணக்கு. மகன் அடிப்படைச் சம்பளத்தில் 5 வீதம் போட்டால் அரசாங்கமும் 5 வீதம் போடும். இரண்டாவது, 12 வருஷம் முடிவதற்குள் ஒரு தடவை தரும் ஊக்கத்தொகை. முழுநேரச் சேவையில் உள்ளவருக்கு அது குறைந்தது இரண்டரை மாத அடிப்படைச் சம்பளம், வாங்கினால் குறைந்தது இன்னும் 3 வருஷம் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

2017 முடிவில் 12 வருஷத்துக்குக் குறைந்த சேவை இருந்தவர்களுக்கு 2018 முழுக்க மாறலாமா வேண்டாமா என்று யோசிக்க அவகாசம் கொடுத்தார்கள். மாறினால் மாறியதுதான், திரும்ப முடியாது. உங்கள் மகனுக்கு அப்போது 11 வருஷம். ஒளித்துப் பேசிப் பழக்கமில்லை, சொல்லிவிடுகிறேன்: 11 வருஷம் முடித்தவன், 20 வரை இருக்கப் போகிறவன், மாறியிருக்க வேண்டியதில்லை. அரசாங்கம் அவன் கணக்கில் போட்ட பங்கு மாதம் ஒரு 215 டொலர் என்று பார்த்தாலும் நூறு மாதத்துக்கு 21,500, ஊக்கத்தொகை ஒரு பத்தாயிரம். பங்குச் சந்தை ஏறிய ஏற்றத்தில் இது இரட்டித்திருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பக்கம் போவது வருஷத்துக்கு 6,000 டொலர், அவன் 80 வயது வரை இருந்தால் 40 வருஷம். அதற்காக அவனை ஏசாதீர்கள், 2018 இல் ஒரு கப்பலுக்குள் இருந்துகொண்டு இன்னும் 9 வருஷம் தாக்குப் பிடிப்பேனா என்று யாருக்குத் தெரியும்?

இனி உங்கள் மேல்மாடி.

புதுத் திட்டக்காரர் ஓய்வு பெறும்போது, 67 வயது வரை வரவேண்டிய பென்ஷனில் கால்வாசியையோ பாதியையோ முன்கூட்டி மொத்தமாகக் கேட்கலாம். 67 ஆனதும் பென்ஷன் திரும்ப முழுசாக வரும். பாதி எடுத்தால் மகனுக்கு மாதம் 2,000 க்குப் பதில் 1,000 டொலர்தான், 40 இலிருந்து 67 வரை, 27 வருஷம். விட்டுக் கொடுப்பது 1,000 தர 12 தர 27, அதாவது 324,000 டொலர், அதுவும் இன்றைய பெறுமதியில். அப்படியானால் கையில் 324,000 தருவார்களா என்றால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிறகு வரும் காசை இன்றே தருவதற்கு ஒரு கழிவு வீதம் வைத்துக் குறைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த வீதத்தை அறிவிப்பார்கள், முதல் வருஷமான 2018 இல் அது 6.99 வீதம். 6 இலிருந்து 7 வீதத்துக்குள் வைத்து நான் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன், கைக்கு வருவது 145,000 இலிருந்து 160,000 டொலர் வரை. அதாவது பாதிக்கும் குறைவு. அதற்கும் வரி. ஒரே வருஷத்தில் எடுத்தால் வரி கூடிய படிக்கு ஏறும், நாலு வருஷம் வரை தவணையாகப் பிரித்து வாங்கலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். போரில் அடிபட்டவர், சேவையில் உடம்பு கெட்டவர் என்று தனியாக இழப்பீடு வாங்குகிறவர்களுக்கு இந்த மொத்தத் தொகை அதிலும் கை வைக்கலாம், மகனுக்கு அப்படி ஏதும் இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் விசாரிக்கட்டும்.

நம்மூர்ப் பாஷையில் சொன்னால், தன் சொந்தக் காசையே 27 வருஷக் கடனாக வாங்குகிறான், வட்டி கிட்டத்தட்ட 7 வீதம், விலைவாசி உயர்வு அதற்கு மேலே தனி. சீட்டுக்காரி கூட இவ்வளவு கழிக்க மாட்டாள்.

இதில் எனக்கு ஒரு சொந்த நோக்காடு இருக்கிறது. நம்மூர் அரச பென்ஷனில் 24 மாதப் பென்ஷனைப் பணிக்கொடையாக மொத்தமாகத் தந்துவிட்டு, பத்து வருஷத்துக்குக் குறைத்த பென்ஷன் தருவார்கள் அல்லவா, அதை வாங்கிய அடுத்த மாதமே நான் மேல்மாடிக்குத் தூண் எழுப்பினேன். ஆறு தூண். சீமெந்து விலை ஏறியது, மேசன் மட்டக்களப்புப் பக்கம் வேலை என்று போனவர் போனவர்தான், மகளுக்குச் சம்பந்தம் வந்தது. தூண் தலையில் நாலு நாலு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, மழைக்குக் கறள் வடிந்து சுண்ணாம்பில் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது. துருப் பிடிக்கும் என்று யாரோ சொல்லி சோடாப் போத்தல்களைக் கவிழ்த்து வைத்தேன், அதில் மூன்றைக் காகம் தள்ளிவிட்டது. பத்து வருஷம் குறைத்த பென்ஷன் வாங்கும்போதெல்லாம் நிமிர்ந்து அந்தக் கம்பியைப் பார்ப்பேன். ஆனால் அம்மா, என்னுடையது பத்து வருஷத்தோடு முடிந்தது. உங்கள் மகனுடையது 27.

கடன் அட்டை வட்டி கழுத்தை நெரிக்கிறது, அல்லது தீராத வருத்தம், 67 பார்ப்பது நிச்சயமில்லை, அப்படி என்றால் மொத்தமாக எடுப்பதில் ஒரு நியாயம் உண்டு. மேல்மாடி அந்தக் கணக்கில் வராது. எடுக்கத்தான் போகிறான் என்றால் ஓய்வு நாளுக்கு 90 நாளாவது முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்றும் எழுதாவிட்டால் முழுப் பென்ஷன் தன்பாட்டில் வரும். நான் அவனாக இருந்தால் ஒன்றும் எழுத மாட்டேன். மாதம் 2,000 வரட்டும், அதில் 300 ஐ வீட்டுக்கென்று ஒதுக்கினாலே இரண்டு மூன்று வருஷத்தில் உப்புவெளியில் கொங்கிறீற் போட்டுவிடலாம்.

கேள்வி: மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை அமெரிக்க ஆமி, 2022 இல் சேர்ந்தவர். மாதம் ஆறாயிரம் டொலர், ஆயுசுக்கும் பென்ஷன் என்கிறார் தரகர். கனடாவில் இருக்கும் என் மைத்துனரோ அங்கே பென்ஷனை வெட்டிவிட்டார்கள், இப்போது வெறும் சேமிப்புத்தான் என்கிறார். யாரை நம்புவது?
— ஒரு தகப்பன், நிலாவெளி

பதில்: இரண்டு பேரும் பாதி பாதி சொல்கிறார்கள், தரகர் வழக்கம்போலக் கொஞ்சம் கூட.

2018 க்குப் பிறகு சேர்ந்தவருக்குத் தெரிவு என்று ஒன்றும் இல்லை, பி.ஆர்.எஸ். மட்டும்தான், பழைய ஹை-த்ரீ பக்கம் போகவே முடியாது. பென்ஷனை வெட்டவில்லை, குறைத்தார்கள். 20 வருஷம் இருந்தால் 40 வீதம் உண்டு. இருந்தால். அதுதான் கதையே. அமெரிக்கப் படையில் சேர்கிறவர்களில் ஐந்து பேருக்கு நாலு பேர் 20 வருஷத்துக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். முழங்கால் போகும், பெண்சாதி போதும் வாங்கோ என்பாள், பதவி உயர்வு கிடைக்காது, எத்தனையோ காரணம். பழைய திட்டத்தில் அந்த நாலு பேரும் வெறுங்கையோடு போனார்கள், 19 வருஷம் இருந்து வந்தவனுக்கும் சாதாரணமாகப் பென்ஷன் சதம் கிடையாது. ஓய்வு பெற்றவர்களுக்கான ட்ரைகெயார் மருத்துவமும் அந்த 20 ஐத் தாண்டினால்தான். திட்டத்தை மாற்றியதற்கு அவர்கள் சொன்ன பெரிய காரணமே இந்த நாலு பேர்தான். அரசாங்கத்துக்கும் செலவு மிச்சம், அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்கள்.

ஆகவே மாப்பிள்ளையின் உண்மையான சொத்து அந்த டி.எஸ்.பி. கணக்கு. சேர்ந்து 60 நாளில் அரசாங்கம் தன்பாட்டில் 1 வீதம் போடத் தொடங்கும், அது இரண்டு வருஷம் முடிந்ததும் அவருக்கே சொந்தம். இரண்டு வருஷம் முடிந்த பிறகு இன்னொரு பங்கும் சேரும்: அவர் போடும் முதல் 3 வீதத்துக்கு அதே அளவு, அடுத்த 2 வீதத்துக்குப் பாதி. கூட்டிப் பார்த்தால் அவர் 5 போட்டால் அவர்கள் 5. அடிப்படைச் சம்பளம் 3,000 என்றால் அவர் 150, அவர்கள் 150. அவர் 1 வீதத்தோடு நிறுத்தினால் அவர்கள் 2 வீதத்தோடு நின்றுவிடுவார்கள், மிச்சம் 3 வீதம், மாதம் 90 டொலர், வேண்டாம் என்று சொன்ன மாதிரி. எட்டாம் வருஷம் வெளியே வந்தாலும் இந்தக் கணக்கு அவரோடு வரும், வேறு வேலைக்குப் போனால் அந்த இடத்து ஓய்வுக் கணக்குக்கு மாற்றவும் முடியும். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்னால் எடுத்தால் பொதுவாக வரிக்கு மேல் 10 வீதம் தண்டம் உண்டு, கல்யாணச் செலவுக்கு அதில் கண் வைக்காதீர்கள்.

அந்த ஆறாயிரம் பற்றியும் ஒரு சொல். அங்கே வீட்டு வாடகைப் படி, சாப்பாட்டுப் படி எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். பென்ஷனுக்கும் சரி, அரசாங்கம் போடும் 5 வீதத்துக்கும் சரி, பார்ப்பது அடிப்படைச் சம்பளத்தை மட்டும். ஆறாயிரத்தில் அடிப்படை மூவாயிரத்து ஐந்நூறாக இருக்கலாம். நம்மூரில் வாழ்க்கைச் செலவுப் படியையும் சேர்த்துச் சம்பளம் சொல்லிப் பொம்பிளை கேட்கிற மாதிரித்தான்.

மாப்பிள்ளையோடு வாட்ஸ்அப்பில் பேசும்போது சாதகப் பொருத்தம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, நைசாக ஒரு கேள்வி போடுங்கள்: "தம்பி, டி.எஸ்.பி.க்கு எத்தனை வீதம் போடுறீங்கள், ரொத்திலயா மற்றதிலயா?" ரொத் என்றால் இப்போதே வரி கட்டிவிட்டுப் போடுவது, பிற்காலத்தில் எடுக்கும்போது வரி இல்லை, மற்றது இப்போது வரி இல்லை, எடுக்கும்போது உண்டு. சம்பளம் குறைந்த இளவயதில் ரொத் தான் புத்தி என்பது என் எண்ணம். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிற பிள்ளை என்றால் நல்ல பிள்ளை. "அது ஓட்டோமெட்டிக்கா வெட்டுது அங்கிள்" என்றாலும் பரவாயில்லை, இப்போது சேர்கிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே 5 வீதம் தன்பாட்டில் வெட்டும்படிதான் வைத்திருக்கிறார்கள். "அதை நான் நிப்பாட்டிட்டன்" என்றால் அடுத்த சாதகத்தைப் பாருங்கள்.

கேள்வி: 1990 இல் பதினெட்டு வயதில் அமெரிக்க ஆமியில் சேர்ந்து 2010 இல் ஓய்வு பெற்றேன். 2005 இல் 30,000 டொலர் தந்தார்கள், அந்த நேரம் ஒரு பிக்கப் வாங்கினேன். என்னோடு ஓய்வு பெற்றவனுக்கு என்னை விடக் கூடப் பென்ஷன் வருகிறது, ஒவ்வொரு வருஷமும் அந்த இடைவெளி கூடிக்கொண்டும் போகிறது. ஏன்?
— லீவில் வந்திருப்பவர், சாம்பல்தீவு

பதில்: பிக்கப் இன்னும் ஓடுகிறதா? கேட்கக் காரணம் உண்டு, இன்றுவரை நீங்கள் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எடுத்தது ரெடக்ஸ். 1986 ஓகஸ்ட்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களிடம் பதினைந்தாம் வருஷத்தில் கேட்பார்கள்: ஹை-த்ரீயிலேயே இருக்கிறாயா, இல்லை இப்போதே 30,000 வாங்கிக்கொண்டு குறைந்த பென்ஷனுக்குப் போகிறாயா என்று. வாங்கியவருக்கு 20 வருஷத்தில் 50 க்குப் பதில் 40 வீதம். உங்கள் மூன்று வருஷச் சராசரி 4,000 என்று வைத்தால், நண்பருக்கு 2,000, உங்களுக்கு 1,600. வருஷத்துக்கு 4,800 வித்தியாசம், ஆறே கால் வருஷத்தில், அதாவது 2016 வாக்கிலேயே அந்த 30,000 கழிந்துவிட்டது. அதற்கும் நீங்கள் வரி கட்டியிருப்பீர்கள்.

இடைவெளி கூடுவது வேறு காரணம். வருஷா வருஷம் விலைவாசிக்கு ஏற்றுவதில் ரெடக்ஸ்காரருக்கு 1 வீதம் குறைத்துத்தான் ஏற்றுவார்கள். 2023 இல் மற்றவர்களுக்கு 8.7 வீதம் ஏறியது, உங்களுக்கு 7.7. ஒரு வீதம்தானே என்று தோன்றும், ஆனால் அது குட்டி போடும்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. 62 வயதில், உங்களுக்கு 2034 இல், ஒரு தடவை மட்டும் பென்ஷனைத் திரும்பக் கணக்குப் பார்த்து, ஹை-த்ரீயில் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அந்த அளவுக்கு உயர்த்துவார்கள். அதுவரை இழந்ததற்கு நிலுவை கிடையாது, 62 க்குப் பிறகு பழையபடி 1 வீதக் குறைப்பும் தொடரும். அந்த 30,000 கொடுக்கும் வழக்கத்தை 2017 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது நல்லது. பதினைந்தாம் வருஷத்தில், பிள்ளை குட்டி, வாடகை, பழைய கார் என்று திணறும் ஒருவனுக்கு முன்னால் 30,000 டொலரை நீட்டினால் அவன் வேறு என்ன செய்வான்.

கேள்வி: கணவர் அமெரிக்காவில், ஆமியில் இருந்து இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். எனக்கு ஒரு படிவம் அனுப்பி, நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பு என்கிறார். எஸ்.பி.பி. வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. மாதம் வீணாக வெட்டுவார்கள், அதற்கு ஆயுள் காப்புறுதி எடுக்கலாம் என்கிறார். பென்ஷன் 2,500 டொலர். போடட்டுமா?
— ஒரு மனைவி, திருகோணமலை நகர்

பதில்: பேனையை மூடி வையுங்கள் தங்கச்சி. ஆமிக்காரரின் பென்ஷன் அவருடைய மூச்சோடு நிற்கும். அதற்குப் பிறகு உங்களுக்கு ஏதாவது வர வேண்டுமானால் அதற்குப் பெயர்தான் எஸ்.பி.பி. ஒன்றும் சொல்லாவிட்டால் மணமானவருக்கு முழு அளவில் தன்பாட்டில் சேரும். வேண்டாம் என்று சொல்லவோ குறைக்கவோ மனைவியின் கையெழுத்து கட்டாயம் வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கேட்டுச் சட்டம் எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை. நம்மூரில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கென்று உத்தியோகத்தரின் சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பார்கள், அவரைக் கேட்டுக் கழிப்பதில்லை. அங்கே கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முழு அளவில் என்றால் 2,500 இல் ஆறரை வீதம், மாதம் 162 டொலர் 50 சதம் வெட்டுவார்கள், அந்த வெட்டுக்கு வருமான வரி கிடையாது. அவர் போன பிறகு உங்களுக்கு 55 வீதம், 1,375 டொலர், உங்கள் ஆயுள் வரை, விலைவாசிக்கு ஏற்ப ஏறும். 360 மாதம் கட்டி அவருக்கு 70 வயதும் ஆகிவிட்டால் பிறகு வெட்ட மாட்டார்கள். நீங்கள் முந்திப் போய்விட்டால் வெட்டு நிற்கும், கட்டினது திரும்ப வராது. 55 வயதுக்கு முன்னால் மறுமணம் செய்தால் உங்கள் பங்கு நிற்கும்.

காப்புறுதி மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 162 டொலருக்கு அவர் எடுக்கும் காப்புறுதி எத்தனை வயது வரை, 70 இல் தொடருமா, விலைவாசிக்கு ஏறுமா, அவருக்குச் சீனி வருத்தம், பிறசர் என்று ஏதும் இருந்தால் முதலில் யாராவது கொடுப்பார்களா? காப்புறுதிப் பத்திரம் கையில் வந்து, அதில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகு இந்தப் பேச்சைப் பேசலாம். அவசரமும் இல்லை, சேர்ந்துவிட்டு விலக நினைத்தால் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் முடிந்ததும் ஒரு வருஷ அவகாசம் உண்டு, அதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டும். இப்போது விலகிவிட்டுப் பிறகு நினைத்த நேரம் சேர முடியாது. அவரிடம் சண்டைக்குப் போகாமல், "நொத்தாரிசு ஊரில் இல்லை" என்று இரண்டு கிழமை இழுத்தடித்துவிட்டு இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு ஆசிரியப் பென்ஷன். தம்பி தனியார் கம்பனியில் இருந்து ஈ.பி.எஃப். எடுத்தவன். அண்ணையின் மகன் அமெரிக்க நேவியில். மூவரில் யாருடையது திறம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, உட்துறைமுக வீதி

பதில்: டீச்சர், மருமகனுடையதில் உங்களுடையதும் தம்பியுடையதும் இரண்டும் கலந்திருக்கிறது. தம்பிக்கு அவன் 8 வீதம், கம்பனி 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போட்டார்கள். வீதத்தில் பார்த்தால் நேவிக்காரனின் 5 ஐ விட அது கூட. ஆனால் தம்பிக்கு அதோடு சரி, மாதாமாதம் எதுவும் வராது. தம்பி எவ்வளவு வேண்டும் என்று கேட்காமலே சம்பளத்தில் வெட்டினார்கள், காசு எங்கே போட்டிருக்கிறார்கள் என்றும் அவனைக் கேட்கவில்லை. நேவிக்காரன் எவ்வளவு போடுவது, எதில் போடுவது எல்லாம் தானே தெரிவு செய்ய வேண்டும்: அரசாங்கக் கடன் பத்திரத்திலா, பங்கிலா, வயதுக்கு ஏற்பத் தானாக மாறும் கலவையிலா என்று. தெரிந்தவனுக்கு அது வரம்.

மன உளைச்சல் இல்லாதது உங்களுடையதுதான். அளவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கேள்வி: மகன் அமெரிக்க ஆமியில் இருந்து ஓய்வு பெறப் போகிறார், கல்யாணம் கட்டவில்லை. பென்ஷன் 2,000 டொலர் என்கிறார். அவர் எனக்கு முந்திப் போய்விட்டால் எனக்கு ஏதும் வருமா? கேட்கவே வாய் வருகுதில்லை, வயது 71.
— ஓர் உம்மா, கிண்ணியா

பதில்: வரும் உம்மா, மகன் எழுதி வைத்தால். பெண்சாதி பிள்ளை இல்லாதவர் ஓய்வு பெறும்போது தாயை அந்த இடத்தில் எழுதலாம். ஆனால் அதற்கு வெட்டு ஆறரை இல்லை, பென்ஷனில் 10 வீதம், மாதம் 200 டொலர். அவர் முந்திப் போனால் மிச்சம் 1,800 இல் 55 வீதம், 990 டொலர் உங்களுக்கு வரும். நீங்கள் முந்திப் போனால், அல்லாஹ் உங்களுக்கு ஆயுளைத் தரட்டும், அதுவரை கட்டினது போனதுதான். உங்களுக்கு 71, அவருக்கு நாற்பதுக்கு மேல். கணக்காகப் பார்த்தால் இது உங்களுக்கு வாய்க்காது. மகனிடம் சொல்லுங்கள், அந்த 200 டொலரை வெட்ட விடாமல் மாதாமாதம் கிண்ணியா வங்கியில் உங்கள் பெயருக்கே போடச் சொல்லி.